கன்னி மூலையில் மூன்று கல்

வீடு திருத்தும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

இதை எழுதப் பல வருடங்களாகப் பின்வாங்கிக்கொண்டே இருந்தேன். கொப்பியை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்து பெரிதாக வராது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் அதில்லை. கோயில் ஆட்கள் வாசித்தால் "இவனுக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை" என்பார்கள். நீங்கள் வாசித்தால் "இந்த மனிசன் இன்னும் மூலை, திசை என்று பிதற்றுகிறார்" என்பீர்கள். இரண்டு பக்கமும் அடி விழும் என்று பயம். இப்போது முழங்காலும் போய்விட்டது, பயமும் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நம்பிக்கை உண்டு. நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. எந்தச் சுவரில் கை வைப்பதற்கு முன்பும் ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்துவேன். ஒரு வீட்டில் புகை எச்சரிக்கை மணி அலறி, வேலையை மேற்பார்க்க வரும் எஞ்சினியர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டும். அடுத்த வீட்டில் வாசலுக்கு வெளியே நின்று கொளுத்தினேன். அவருக்காக நிறுத்தவில்லை.

பல நாட்டுச் சனம் வந்து குடியேறிய இந்த ஊரில் வீட்டு வேலை செய்தால் இரண்டு சாத்திரம் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு வாஸ்து. சீன ஆட்களுக்குப் பெங் சுயி. அஜின்கோர்ட்டில் நான் வேலை செய்த ஒரு தெருவில் தெற்கு வாசல் வீடு ஒன்று விலைக்கு வந்தது. இலக்கம் எட்டு. எங்கள் குடும்பம் ஒன்று பார்க்க வந்து, காரை விட்டு இறங்காமலே திரும்பியது. தெற்கு யமனுடைய திசை, எட்டு சனியனுடைய எண். அடுத்த நாள் ஒரு சீனக் குடும்பம் வந்தது. தெற்கு வெளிச்சமும் எட்டாம் இலக்கமும் சேர்ந்து கிடைத்த சந்தோஷத்தில் அந்த மனிதர் என்னுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் பக்கத்து வீட்டு வேலியடியில் நின்றவன், அவ்வளவுதான்.

இதைக் கேட்டால் நீங்கள் இரண்டு சனத்தையும் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரிக்காதீர்கள். தெரியாத நாட்டில் வந்து இறங்கியவனுக்கு, எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த வீட்டை வாங்கிய சீனக் குடும்பமே என்னைக் குசினி கட்டக் கூப்பிட்டது. அங்கேதான் நான் முதல் பிழை விட்டேன்.

அவர்களுக்குப் பெங் சுயி பார்த்துக் கொடுத்தவர் ஒரு பெண்மணி. கிட்டத்தட்ட என்னுடைய வயது. கையில் வட்டத் திசைகாட்டி, காலில் பனிச் சப்பாத்து. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நடக்கும், ஆனாலும் விழாமல் நடக்கும். அவர் கீறிக் கொடுத்த படத்தில் அடுப்பு மேற்குச் சுவரில் இருந்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை. அடுப்பு தென்கிழக்கில், அக்கினி மூலையில் அல்லவா இருக்க வேண்டும்? வீட்டுக்காரர்கள் ஒரு கிழமை வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, அடுப்பை அந்த மூலைக்கு மாற்றிவிட்டேன். காஸ் குழாயைக்கூட ஆள் வைத்து நீட்டினேன். பாவம், அறியாத சனம், நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைத்துச் செய்தேன்.

பெண்மணி வந்தார். வாசலிலேயே நின்றார்.

"அடுப்பு நடந்து போயிருக்குது," என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன்.

"நான்தான் மாத்தினனான், மேடம். எங்கட முறையிலை அதுதான் நெருப்பின்ர மூலை. இவைக்கு நல்லது நடக்கும்."

"இவை உன்னட்டை நல்லது கேட்டவையோ, குசினி கேட்டவையோ?"

அவர் அடுப்புக்கு முன்னால் போய், சமைப்பவர் நிற்கும் இடத்தில் நின்றார். அடுப்புக்கு மறுபக்கத்தில் ஒட்டினாற்போலப் பின்கதவு.

"உன்ர மூலை நல்ல மூலையாவே இருக்கட்டும். இந்தச் சட்டி பத்தினால் நான் எங்காலை ஓடுறது?"

பார்த்தேன். எந்த வழியால் ஓடுவது? அவருக்கும் கதவுக்கும் நடுவில்தான் நெருப்பு. இத்தனை வீட்டில் வேலை செய்தவன், மூலையைப் பார்த்த அவசரத்தில் கதவைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

"பெங் சுயி எண்டால் காத்தும் தண்ணியும். ஆனால் அதுக்கு முதல் பாடம் ஒண்டிருக்கு," என்றார். "ஆள் வெளியிலை போற வழி. அதை வைச்சிட்டுத்தான் மிச்சமெல்லாம். இப்ப கழட்டு."

கழற்றினேன். போகும்போது அவர் என்னுடைய நெற்றியைக் காட்டி, "அதை அழிக்கவேண்டாம். ஆனால் மற்ற ஆக்களின்ர சுவரிலை பூசாதை," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. விளங்க இரண்டு வருடம் எடுத்தது.

இனி அந்த வைகாசிக்கு வருகிறேன். எங்கள் நாட்டில் யுத்தம் முடிந்த வைகாசி.

உங்களில் பலர் அப்போது சின்னப் பிள்ளைகள். சிலர் பிறந்தே இருக்கமாட்டீர்கள். நாங்கள் பகலில் சுவர் பூசினோம், பின்னேரம் சீமெந்துத் தூசியோடு சப்வே எடுத்துப் போய் நகரத்துக்கு நடுவில் பதாகை பிடித்து நின்றோம். வேலைத்தலங்களில் தமிழ் வானொலி ஓடிக்கொண்டே இருக்கும். வன்னியில் சனம் நிற்கும் நிலம் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டு வந்தது. ஒரு வீட்டில் நாங்கள் மூன்று பேர் வேலை செய்வோம், மூன்று பேருடைய காதும் வானொலியில்தான் இருக்கும்.

அப்படி ஒரு காலையில் ஸ்காபரோவில் இருந்து ஒரு பெண் எனக்குப் போன் எடுத்தார். அவருடைய பெயரை எழுதமாட்டேன். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அப்படியே எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய வீட்டுப் பேஸ்மென்ற்றை, நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தை, குடியிருக்கக்கூடியதாக நான்தான் கட்டிக் கொடுத்தேன். படுக்கை அறைக்கு ஆள் ஏறி வெளியேறக்கூடிய யன்னல் வைத்து, அது திறப்பதற்காக வெளியே நிலத்தில் பள்ளமாக ஒரு கிடங்கும் தோண்டியிருந்தேன். கணவர் நெடுந்தூர ட்ரக் ஓட்டுபவர், அந்த நேரம் அமெரிக்காவில். தங்கச்சியின் ஒரே தம்பி வன்னிக்குள். பங்குனிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

"அண்ணை, உடனை வாங்கோ. ஒரு யன்னல் மூடவேணும்."

போனேன். பேஸ்மென்ற் அறையில் யன்னலைச் சுற்றிச் சிவப்புச் சோக்கால் கோடு. கீழே சீமெந்துக் கல் அடுக்கியிருந்தது. சாந்துப் பையும் இருந்தது.

"வாஸ்து பாக்கிறவர் நேற்று வந்தவர்," என்றார். "கன்னி மூலையிலை கிடங்காம். வீட்டிலை ஆம்பிளைச் சகோதரத்துக்குக் கூடாதாம். வெள்ளிக்கு முதல் மூடவேணுமாம்."

"கிடங்கையோ?"

"கிடங்கையும் யன்னலையும்."

"இது ஆள் படுக்கிற அறை, தங்கச்சி."

"என்ர தம்பிக்குப் படுக்க அறை இல்லை அண்ணை. பங்கருக்குள்ளை கிடக்கிறான். நீங்கள் தோண்டின கிடங்கு, நீங்களே மூடுங்கோ."

பிள்ளைகளே, இந்த இடத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். தென்மேற்கைத்தான் நாங்கள் கன்னி மூலை என்கிறோம். அங்கே பாரம் இருக்க வேண்டும், பள்ளம் இருக்கக்கூடாது. இது வாஸ்துக்காரர் கட்டிய கதை இல்லை, நானும் நம்புகிற விஷயம். அந்த அறைக்கு வேறு வெளிச்சுவர் இல்லாததால் அங்கே தோண்டினேன். தோண்டும்போதே மனம் உறுத்தி, கற்பூரம் கொளுத்தி மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டியைப் பிடித்தேன். ஆகவே அவர் "நீங்கள் தோண்டின கிடங்கு" என்றபோது அது என்னுடைய பிழைதான் என்று பட்டது.

அவர் மேலே போனார். நான் சாந்து குழைத்தேன்.

மூன்று கல் வைத்தேன்.

இதைத்தான் இத்தனை வருடமாக நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. எல்லோரும் நான் முதலிலேயே மறுத்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள். இல்லை. யன்னல் சட்டத்தின் அடியில், மட்டம் பார்த்து, வரிசையாக மூன்று கல் வைத்தேன்.

அப்போது கீழே குடியிருந்தவர் வேலை முடிந்து வந்தார். பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. மனைவி பிள்ளைகளை இன்னும் கூப்பிட முடியாமல் தனியே இருந்தவர். நான் எழும்பி நின்றேன்.

"யன்னல்..." என்று இழுத்தேன்.

"தெரியும் அண்ணை. அக்கா சொன்னவ. மூடுங்கோ."

"உமக்கு வேறை வழி இல்லையே."

"பகலிலை படுக்கிறவனுக்கு வெளிச்சம் என்னத்துக்கு? இருட்டெண்டால் நல்ல நித்திரை வரும். அவவின்ர தம்பி வந்து சேரட்டும், பிறகு நானே உடைச்சுத் தாறன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலில் சரிந்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்தார். இரண்டு நிமிடத்தில் குறட்டை. எனக்கு முன்னால் மூன்று கல், முதுகுக்குப் பின்னால் அந்தக் குறட்டை.

நாலாவது கல்லை எடுத்தேன். படிக்கட்டால் ஒரு மணம் இறங்கி வந்தது. பால் அடிப்பிடித்த மணம். தங்கச்சி தம்பிக்காகப் படையலுக்குப் பால் காய்ச்ச வைத்துவிட்டு, அறைக்குள் நின்று அவனுடைய இலக்கத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஓடிப்போய் அடுப்பை நிறுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சட்டி கருகியது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குசினியில் நின்று கீழே பார்த்தேன். பேஸ்மென்ற் படி அடுப்படியில்தான் தொடங்குகிறது. கீழே படுத்திருப்பவர் வெளியே வருவதென்றால் இந்த அடுப்பைத் தாண்டித்தான் வரவேண்டும்.

நான் எங்காலை ஓடுறது? அந்தச் சீனப் பெண்மணி என்னுடைய காதுக்குள் கேட்டார்.

கீழே இறங்கி மூன்று கல்லையும் பெயர்த்தேன். சாந்து இறுகியிருக்கவில்லை. சத்தம் கேட்டுத் தங்கச்சி வந்தார்.

"என்ன செய்யிறீங்கள் அண்ணை?"

"மூடமாட்டன், தங்கச்சி."

"என்ன?"

"வேறை என்னவும் கேளும். இதைச் செய்யமாட்டன்."

"அவரே மூடச் சொல்லிட்டார். அவருக்கே பிரச்சினை இல்லை!"

"அவருக்கு உம்மிலை இரக்கம். இரக்கத்திலை ஒருத்தன் சரியெண்டு சொன்னாப்போலை எனக்கு இது சரியாகாது."

"உங்கட ஆக்கள் எல்லாரும் பத்திரமா இங்கை வந்திட்டினம். அதுதான் உந்தக் கதை கதைக்கிறீங்கள்!"

அது உண்மை.

"சரி, போங்கோ. வேறை ஆளை வைச்சு மூடுறன்."

"மூடினால் நான் சிற்றிக்கு அறிவிப்பன்."

சிற்றி என்றால் நகரசபை, வெளியேற வழியில்லாத அறையில் ஆளைக் குடிவைக்க அது விடாது. அவர் என்னையே பார்த்தார். கட்டிலில் படுத்திருந்தவரும் எழும்பி உட்கார்ந்துவிட்டார். அந்த வைகாசியில் ஒரு தமிழன் இன்னொரு தமிழிச்சியைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் அது.

"காட்டிக் குடுப்பீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம். காட்டிக் குடுப்பன்."

வெளியே வந்து, சாமான் ஏற்றும் என்னுடைய வானுக்குள் ஏறி இருந்தேன். யாரிடம் பேசுவது? கோயிலில் கேட்டால் மூடச் சொல்வார்கள். எஞ்சினியரிடம் கேட்டால் சிரிப்பார். கடைசியில் அந்தப் பெங் சுயிப் பெண்மணிக்குப் போன் அடித்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"உன்ர ஆக்களுக்கு என்ன நடக்குதெண்டு ரிவியிலை பாக்கிறன்," என்றார் முதலில். பிறகு, "அந்த மூலைக்கு உங்கட முறையிலை என்ன வேணும்?" என்று கேட்டார்.

"பாரம்."

"கல்லிருக்கோ?"

"மூடுறதுக்கு வாங்கின கல்லிருக்கு."

"அப்ப பாரத்தை வை. ஆள் ஏறிப் போற மாதிரி வை. நீ மேசன்தானே, என்னட்டை ஏன் கேக்கிறாய்?" போனை வைத்துவிட்டார்.

திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன். "தங்கச்சி, மூலைக்குப் பாரம் தாறன். யன்னல் மட்டும் கிடக்கும்," என்றேன். அவர் ஓமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கதவைச் சாத்தினார். நான் அந்தக் கல் எல்லாவற்றையும் கிடங்குக்குள் இறக்கி, யன்னலடியில் இருந்து நில மட்டம் வரைக்கும் படி கட்டினேன். பள்ளம் பாதி நிரம்பியது, ஆள் வெளியேறவும் சுகம். முதல் பெயர்த்தெடுத்த மூன்று கல்லையும் மேல் படிக்கு வைத்தேன். கற்பூரம் கொளுத்தி, முகம் தெரியாத அந்தத் தம்பிக்காகக் கும்பிட்டேன். அவ்வளவு மனதோடு நான் அதற்கு முன் கும்பிட்டதில்லை.

வெள்ளி வந்தது. அதற்கடுத்த சில நாட்களில் யுத்தம் முடிந்தது என்றார்கள். தம்பி வரவில்லை. முகாம்களில் இருந்து வந்த பெயர்ப் பட்டியல்களிலும் அவன் இல்லை.

வாஸ்துக்காரர் கலியாண வீடுகளில் சொல்லித் திரிந்தார்: "அந்த மேசன் மட்டும் நான் சொன்னதைக் கேட்டிருந்தால்..." கோயில் வீதியில் நான் போனால் "சிற்றிக்காரன் வாறான், யன்னலைத் திறவுங்கோ" என்று பகிடி. வேலை குறைந்தது. நான் யாரோடும் வாதாடவில்லை. சாமி அறையில் நின்று மட்டும் கேட்டேன், மூடியிருந்தால் வந்திருப்பானா என்று. பதில் வரவில்லை. பதில் சொல்லாத அந்தச் சாமியைத்தான் இன்றைக்கும் கும்பிடுகிறேன். எந்தச் சாமியும் ஒருவனை அடைத்து வைத்து இன்னொருவனைத் தருவதாக என்னிடம் சொன்னதில்லை. அப்படிச் சொல்கிற சாமி எனக்குத் தேவையும் இல்லை. நாளைக்கு அதே அறையில் கொண்டுபோய் விட்டாலும் மூடமாட்டேன். ஆனால் அந்த மூன்று கல்லையும் வைக்கமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யத் துணியவில்லை.

வீட்டுக்காரர் சொல்லை நான் மீறியது இரண்டு தடவை. முதல் தடவை என்னுடைய நம்பிக்கையை மற்றவர்களுடைய குசினியில் கொண்டுபோய் வைப்பதற்காக மீறினேன், அது பிழை. இரண்டாம் தடவை ஒருவர் வெளியே போகும் வழிக்காக மீறினேன். திசை கேட்கிற வீட்டுக்குத் திசை கொடுங்கள். கண்ணாடியை மாற்றச் சொன்னால் மாற்றுங்கள், கட்டிலைத் திருப்பச் சொன்னால் திருப்புங்கள், முகம் சுளிக்காமல் செய்யுங்கள். வழியை அடைக்கச் சொன்னால் மட்டும், கேட்பவர் அழுதாலும், அடைபடப் போகிறவரே சம்மதித்தாலும், கல்லைக் கீழே வையுங்கள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வருடம் அஜக்ஸில் ஒரு வீட்டில், இங்கேயே பிறந்த ஒரு தொழிலாளி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "அங்கிள், நீங்கள்தானே அந்த வின்டோ ஆள்? பிறகு ஃபயர் வந்து மூண்டு பேர் அதுக்காலை தப்பினவையாமே, ட்ரூவா?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சொல்லாமல் இருந்த இடைவெளியில் சனம் நெருப்பு வைத்துவிட்டது.

இந்த மாரிக் குளிரில் கோயிலில் தங்கச்சியைக் கண்டேன். அந்த வைகாசிக்குப் பிறகு முதன்முறையாக அவராகவே என்னிடம் வந்தார்.

"உங்கட படியிலை ஒரே பனி, அண்ணை. ஒவ்வொரு முறையும் நான்தான் குனிஞ்சு அள்ளுறன். இடுப்புப் போச்சு."

"அள்ளுறீரோ?"

"அள்ளாட்டி யன்னல் திறக்காதே." கோட்டைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "உங்களை மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதேங்கோ."

"நினைக்கேல்லை, தங்கச்சி."

"தம்பி வரேல்லை."

"ஓம்."

அப்போதுதான் நான் இதை எழுதப் போவதாகச் சொன்னேன். மூன்று கல் வைத்ததையும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வைச்சனீங்களோ?" என்றார். பிறகு, "எழுதுங்கோ. ஆனால் ஒண்டையும் கூட்டி எழுதாதேங்கோ," என்றார்.

ஆகவே பிள்ளைகளே, இதை வேலைத்தலத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். நான் வைத்த மூன்று கல்லை எடுத்துவிடாதீர்கள். அந்த வீட்டில் இன்றுவரை நெருப்புப் பிடிக்கவில்லை, நீங்களும் பிடிக்க வைக்காதீர்கள். அந்த யன்னலால் ஒருவரும் தப்பி ஓடவில்லை. தம்பி வரவில்லை, அவனைக் கூட்டிக்கொண்டு வந்து கதையை முடிக்காதீர்கள். யன்னல் திறக்கிறது. பனி விழுந்தால் அவர் அள்ளுகிறார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.